கச்சத்தீவு: கேளாமற் கொடுத்த கொடை

(துவாக்குடியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



துவாக்குடியில் கடலில்லை. கொதிகலன் வார்க்கும் ஊர்; இரும்பை வெட்டி ஒட்டும் ஊர். 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாய்த் தோன்றி, இன்று நடுவணரசின் தொழில்நுட்பக் கழகமாய் நிற்கும் கல்விக்கூடத்தை உடைய ஊர். தஞ்சைச் சாலையில் நாளும் பொழுதும் ஊர்திகள் இரைந்தோட, ஆலைச் சங்கொலிக்கேற்ப எழுந்து துயிலும் மக்களுக்கு, பாக்கு நீரிணையின் நடுவே குடிநீரும் இல்லாமற் கிடக்கும் ஒரு மணல்திட்டைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும்.

அவர்க்கு விடை தொலைவில் இல்லை. இவ்வூருக்கு அணித்தேயுள்ள வாழவந்தான்கோட்டையில் ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம் ஒன்று உள்ளது. ஊரின் பெயரைப் பாருங்கள்! வாழவந்தவர் என்று சொல்லுமளவிற்கு அவர்களை வாழவைத்தோர் யார்? 1983-க்குப் பின் கடல் கடந்து வந்தோர் பிள்ளைகள் பெற்றனர். அப் பிள்ளைகளும் பெற்றோராயினர். ஆயினும், அண்டை நாடுகளிலிருந்து வந்தோர்க்குக் குடியுரிமை வழங்க இந்திய அரசு 2019-இல் செய்த சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. பாக்கித்தான், பங்களாதேசு, ஆப்கானித்தான் என்னும் மூன்று நாடுகளின் பெயர்கள் உள்ளன. தமிழன் துரத்தப்பட்ட நாட்டின் பெயர் விடுபட்டது. கச்சத்தீவைத் தூக்கிக் கொடுத்த கையும், இவ் வேதிலியரை எண்ணாமல் விட்ட கையும் வேறுவேறு கட்சிகளின் கைகள். மனம் மட்டும் ஒன்றே. அம் மனம் இயங்கும் வகையைக் காட்டவே கச்சத்தீவின் வரலாறு இங்குச் சொல்லப்படுகின்றது.

தீவின் பரப்பு 285 ஏக்கர். நீளம் ஒரு கல்லளவு. அகலம் ஆயிரம் அடியளவு. இராமேசுவரத்திற்கும் நெடுந்தீவிற்கும் ஏறத்தாழ நடுவே கிடக்கின்றது. நிலையாக வாழ்வோர் எவருமிலர். மீனவர் வலை உலர்த்துவதும், இளைப்பாறுவதும், அந்தோணியார் கோயிலில் ஆண்டுக்கொருமுறை கூடுவதும் தவிர அங்கு வேறு வாழ்க்கை இருந்ததில்லை. இத்தகைய திட்டிற்கு மதிப்பென்ன என்று கேட்போர், மதிப்பு மண்ணில் இல்லை, மண்ணைச் சூழ்ந்த நீரில் உள்ளது என்பதை மறந்தவராவர். தீவு எவர்க்குரியதோ, அதனைச் சுற்றிய கடலும் அவர்க்குரியதாகும் என்பது பன்னாட்டுக் கடற்சட்டத்தின் அடிப்படை. அக்கடலிலேதான் இறால் உள்ளது, சங்கு உள்ளது, இராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகைக் கரையோரங்களின் அடுப்பெரிவதும் உள்ளது.

இத்தீவு இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிப்பரப்பைச் சேர்ந்தது. 1803-இல் வெள்ளையன் நிலையான தீர்வை முறையை அங்குப் புகுத்திச் சேதுநாட்டைச் சமீனாக்கியபோதும் தீவின் மேலாண்மை அவ் வரசகுடியிடமே இருந்தது. 1880-இல் சாயவேர் எடுப்பதற்கெனக் கொடுக்கப்பட்ட குத்தகையில் இத்தீவும் சேர்ந்திருந்தது. 1913-இல் சங்கு குளிக்கும் உரிமையை ஆங்கில அரசே இராமநாதபுரம் மன்னரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. தனக்குரியதையா ஒருவன் பிறனிடம் குத்தகைக்குக் கேட்பான்? சமீன்கள் ஒழிக்கப்பட்டபோது, சமீனின் உடைமை சென்னை மாநிலத்தின் உடைமையாயிற்று.

இலங்கையும் வெறுங்கையோடு வந்ததன்று என்பதையும் சொல்லுதல் முறை. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்திலிருந்தே தீவு யாழ்ப்பாணத்தைச் சார்ந்தது என்று அது வழக்குரைத்தது. 1921-இல் சென்னை, இலங்கை ஆங்கில அலுவலர் இருதரப்பாரும் கொழும்பிற் கூடி மீன்பிடி எல்லை வரைந்தபோது, கோடு தீவுக்கு மேற்கே மூன்று கல் தொலைவில் சென்றதையும் அது காட்டிற்று. ஆனால் அவ் வரைவு இறுதியாக ஒப்பப்பட்டதன்று. இந்தியத் தரப்பு தீவின்மீதான உரிமையை விட்டுக்கொடாமலே அதிற் கலந்துகொண்டது.

இவ் விடத்தில் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். இந்தியா காட்டிய சான்று எவருடையது? சேதுபதியுடையது. இலங்கை காட்டிய சான்றின் வேர் எங்கே? 1619-இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசில். அவ் வரசும் தமிழரசே. ஒரு கரைத் தமிழனின் ஏட்டை ஏந்திப் புதுதில்லி வழக்காடிற்று. மறுகரைத் தமிழனின் ஏட்டை ஏந்திக் கொழும்பு வழக்காடிற்று. பேசி முடித்துக் கைகுலுக்கியபோது, சேதுநாட்டானையும் கேட்டாரிலர், யாழ்ப்பாணத்தானையும் கேட்டாரிலர்.

விடுதலைக்குப்பின் இச் சிக்கல் 1956-இல் நாடாளுமன்றத்தில் எழுந்தது. இலங்கைப் படையினர் அத்தீவிற் குண்டெறிந்து பயிற்சி செய்யப்போவதாக வந்த செய்தியே அதற்குக் கரணியம். 1960-இல், நடுவணரசின் தலைமை வழக்குரைஞராயிருந்த செதல்வாட்டு, இருதரப்புச் சான்றுகளையும் பார்த்து, தீவின் உரிமை இந்தியாவின் பக்கமே மிகுதியும் சாய்வதாகக் கருத்துரைத்தார். சட்டமறிந்தவன் சொன்னது அது. ஆட்சியிலிருந்தவர் சொன்னதென்ன? 1961 மே 10-இல் தலைமையமைச்சர் நேரு எழுதிய குறிப்பு 2024-இல் வெளிவந்தது. இச் சிறு தீவைத் தாம் ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்றும், அதன் மீதான உரிமையை விட்டுவிடத் தயங்கப்போவதில்லை என்றும், இது முடிவின்றி இழுபட்டு நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுவது தமக்குப் பிடிக்கவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அவர்க்குத் தொல்லையாய்ப்பட்டது தீவன்று, அதைப்பற்றிய கேள்வி.

இனி, 1974. திருவள்ளுவராண்டு 2005. அவ்வாண்டில் புதுதில்லி மூன்று உடன்படிக்கைகளிற் கையொப்பமிட்டது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

முதலாவது சனவரியில். 1964 அத்தோபர் 30-இல் இலால் பகதூர் சாத்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும், இலங்கை மலையகத் தோட்டத் தமிழர் 9,75,000 பேரைத் தமக்குள் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். 1974 சனவரியில் இந்திரா காந்தி அம்மையார் அவ் வெச்சத்தையும் ஆளுக்கு 75,000 என நேர்பாதியாய்ப் பிளந்துகொண்டார். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் பங்கிடும்போதும் கணக்கப்பிள்ளை இத்துணை நேர்த்தியாகப் பங்கிடமாட்டான்! தாயைக் கேட்டதில்லை, மகளைக் கேட்டதில்லை, தலைகள் எண்ணப்பட்டன.

இரண்டாவது மே 16-இல். முசிபுர் இரகுமானும் இந்திரா காந்தி அம்மையாரும் இந்திய-பங்களாதேசு நிலவெல்லை பற்றி ஒப்பமிட்டனர். இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் கச்சத்தீவுக்கு நேர்ந்த கொடுமையின் அளவுகோல் இதுவே. மேற்கு வங்கத்தில் பெருபாரி என்றோர் ஊராட்சிப் பகுதி. 1958-இல் நேருவும் பாக்கித்தான் தலைமையமைச்சர் நூனும் அதன் பாதியைக் கிழக்குப் பாக்கித்தானுக்குக் கொடுப்பதாக உடன்பட்டனர். வங்காளி வாளாவிருக்கவில்லை. மேற்கு வங்கச் சட்டமன்றம் எதிர்த்தது, தெருவெல்லாம் எதிர்த்தது. குடியரசுத் தலைவர் உச்சநயன்மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. 1960 மார்ச்சு 14-இல் மன்றம் தெளிவாகச் சொன்னது: இந்திய நிலத்தை வேற்று நாட்டுக்குக் கொடுப்பது அமைச்சரவையின் கையொப்பத்தால் ஆவதன்று, அரசமைப்புச் சட்டத்தையே திருத்துதல் வேண்டும். அவ்வாறே அவ்வாண்டின் இறுதியில் ஒன்பதாம் திருத்தம் வந்தது. திருத்தம் வந்தும் நிலம் போயிற்றா? இல்லை. பதினான்காண்டு இழுத்தடித்து, 1974 மே உடன்படிக்கையில் பெருபாரி இந்தியாவுக்கே என்று முடிந்தது. ஏனைய சிற்றூர்த் துண்டங்களை மாற்றிக்கொள்வதற்கும் 2015-இல் நூறாம் திருத்தம் நிறைவேறிய பின்னரே வழி பிறந்தது.

மூன்றாவது, அதற்கு ஆறு கிழமை கழித்து. 1974 சூன் 26-இல் கொழும்பில் சிரிமாவோவும், சூன் 28-இல் தில்லியில் இந்திராவும் ஒப்பமிட்டனர். பாக்கு நீரிணையில் வரைந்த எல்லைக்கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு கல் தொலைவிற் சென்றது. அவ்வளவே; தீவு போயிற்று. அரசமைப்புத் திருத்தம் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவு இல்லை. நாடாளுமன்றத்திற்கு முன்னறிவிப்பு இல்லை; முடிந்த பின்னரே, சூலை 23-இல், வெளியுறவு அமைச்சர் சுவரண்சிங் அறிக்கை படித்தார். இரா. செழியன், இராமநாதபுரத்து உறுப்பினர் மூக்கையாத் தேவர், பெரியகுளத்து உறுப்பினர் முகம்மது செரீபு ஆகியோர் கொதித்தெழுந்து எதிர்த்தனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஆகத்து 21-இல் மறுத்துத் தீர்மானம் இயற்றிற்று. வங்காளியின் குரலுக்கு அரசமைப்பு வளைந்தது. தமிழனின் குரலுக்குத் தாள் கூட அசையவில்லை.

தில்லி இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றது. அது கூர்மையான விடையே. ஆகலின் அதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். கொடுத்தால்தானே திருத்தம் வேண்டும்? நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. எல்லை தெளிவற்றுக் கிடந்தது, அதைத் தெளிவுபடுத்தினோம் என்பது அவ் விடை. 1968-இல் கட்சு உப்புச் சதுப்பில் நடுவர் தீர்ப்பின்படி ஏறத்தாழப் பத்திலொரு பங்கு பாக்கித்தானுக்குச் சென்றபோது, ஐயத்துக்குரிய எல்லையை வரையறுப்பதற்குத் திருத்தம் வேண்டியதில்லை என்று 1969-இல் உச்சநயன்மன்றம் கூறியதை அதற்குத் துணையாய்ச் சேர்த்துக்கொள்கின்றனர். 2013-இல் உச்சநயன்மன்றத்திலேயே நடுவணரசு, இந்தியாவுக்குரிய நிலம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்றே எழுத்திற் சொன்னது. 2014-இல் அதன் தலைமை வழக்குரைஞரோ, தீவை மீட்க வேண்டுமாயிற் போர்தான் தொடுக்க வேண்டும் என்றார். கொடுக்கவேயில்லை என்பது ஓராண்டு. போரிட்டாலன்றி மீட்க இயலாது என்பது மறுவாண்டு. இரண்டையும் ஒரே வாயால் சொல்வதற்குத் தனித்திறம் வேண்டும்.

கட்சு வழக்கில் ஒரு நடுவர் மன்றம் இருந்தது, இருதரப்பும் சான்று வைத்தன, தீர்ப்பு வந்தது. கச்சத்தீவில் எந்த நடுவர் இருந்தார்? எந்த மன்றத்தில் சேதுபதியின் குத்தகைத் தாள்கள் விரிக்கப்பட்டன? ஐயம் இருந்ததென்றால் அதைத் தீர்க்கும் இடம் திகழ்ந்தே இருந்தது. ஆங்கிலக் கால்வாயில் செர்சித் தீவுக்கும் பிரஞ்சுக் கரைக்கும் இடையே மிங்கியே, எக்ரெயோ என்னும் பாறைத்திட்டுகள் உள்ளன; கச்சத்தீவினும் சிறியவை. அவற்றிற்காகப் பிரித்தானியாவும் பிரான்சும் போரிடவில்லை. பன்னாட்டு நயன்மன்றம் சென்றன. 1953 நவம்பரில் மன்றம் அவற்றைப் பிரித்தானியாவுக்கு அளித்தது. எதனைக் கொண்டு? வரி தண்டியது, இறப்பு உசாவல் நடத்தியது, சுங்கச்சாவடி வைத்தது ஆகிய அன்றாட ஆட்சிச் செயல்களைக் கொண்டு. குத்தகைச் சீட்டும் வரிச்சீட்டும் பன்னாட்டு மன்றத்திற் செல்லும் காசுகளே.

மற்றொன்று, தமிழர் வாழும் சிங்கப்பூரைப் பற்றியது. பெத்ரா பிராங்கா என்னும் கலங்கரைப் பாறைக்காகச் சிங்கப்பூரும் மலேசியாவும் பன்னாட்டு மன்றத்தில் வழக்காடின. 2008 மே 23-இல் பாறை சிங்கப்பூருக்கே என்று தீர்ப்பாயிற்று. அதிற் பெரும்பங்கு வகித்தது, அப் பாறையின் உடைமையைத் தாங்கள் கோரவில்லை என்று சோகூர் அரசின் அலுவலர் ஒருவர் 1953-இல் எழுதிய ஒரு சிறு மடல். எழுதியவர் அன்று அதைப் பெரிதாய் எண்ணியிருக்கமாட்டார். ‘ஒரு பொருட்டன்று’ என்று எழுதும் கைகள் எத்துணைத் தீங்கு செய்யவல்லன என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

1974 உடன்படிக்கையில் இரண்டு விதிகள் தமிழனுக்கென எஞ்சியிருந்தன. ஐந்தாம் விதி, இந்திய மீனவரும் வழிபடுவோரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் செல்லலாம், கடவுச்சீட்டோ நுழைவிசைவோ வேண்டியதில்லை என்றது. ஆறாம் விதி, இருநாட்டுக் கலங்களும் வழிவழியாகத் துய்த்துவந்த உரிமைகளை ஒன்றன் நீரில் மற்றொன்று துய்க்கலாம் என்றது. இவை மீன்பிடி உரிமையைக் காத்தன என்று தமிழ்நாடு நம்பியது. அந் நம்பிக்கை ஈராண்டுகூட நிற்கவில்லை. 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை, கேட்பதற்குச் சட்டமன்றமும் இல்லை, எழுதுவதற்கு இதழும் இல்லை. மார்ச்சு 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் இரண்டாம் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதனோடு இரு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட மடல்களில், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீரில் அந் நாட்டின் வெளிப்படையான இசைவின்றி மீன்பிடித்தலாகாது என்று எழுதப்பட்டது. சட்டத்தால் கொடுத்ததை மடலால் எடுத்தனர்.

குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்சு மீன்வளத் திட்டு இந்தியாவுக்குக் கிடைத்ததன்றோ என்பாரும் உளர். கிடைத்தது உண்மை, வளமான திட்டு என்பதும் உண்மை. ஆனால் இராமேசுவரத்து மீனவன் குமரிக்கடலுக்கு நாளும் சென்று மீள்வானோ? ஒருவன் வயலை எடுத்து, மறுமாவட்டத்தில் வேறொருவனுக்குத் தோப்புக் கொடுத்துவிட்டு, கணக்கு நேராயிற்று என்பது போன்றதே இது.

குற்றம் முழுவதையும் தில்லியின் தலையில் ஏற்றிவிட்டு ஓய்ந்திருப்பதும் நேர்மையன்று. 1974 சூன் 19-இல் வெளியுறவுச் செயலர் கேவல்சிங் சென்னைக்கு வந்து முதலமைச்சர் கருணாநிதியிடம் செய்தியைச் சொன்னார். வெளிப்படையாக இதனை ஒப்ப இயலாது, ஆயினும் எதிர்ப்புப் பெரிதாகாமற் பார்த்துக்கொள்வதாக முதல்வர் கூறினார் என்று அப் பேச்சின் அரசுக் குறிப்பு சொல்லுகின்றது. அவர் கட்சியினர், எதிர்த்தோம், அனைத்துக் கட்சியினரையும் கூட்டினோம், தீர்மானம் இயற்றினோம் என்கின்றனர். தீர்மானம் இயற்றியது உண்மையே. ஆனால் நயன்மன்றத்தின் கதவைத் தட்டினாரிலர். வங்காளத்தின் பெருபாரிக்குக் கிடைத்த தீர்ப்பு கையிலிருந்தும், அதைக் கச்சத்தீவுக்கு எடுத்தாள அவர் அரசு அன்றே முன்வரவில்லை. செயலலிதா 1991-இல் மீட்போம் என முழங்கினார். வழக்குத் தொடுத்தது 2008-இல். கருணாநிதியின் வழக்கு 2013-இல். 2024-இல் தேர்தல் வந்தபோது தலைமையமைச்சர் மோதியே இத்தீவைப்பற்றிப் பேசினார். தேர்தல் முடிந்தது, பேச்சும் முடிந்தது. 2025 ஏப்பிரல் 2-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மீண்டுமொரு தீர்மானம் இயற்றிற்று. அவ்வாண்டு செபுதம்பர் முதல் நாளில் இலங்கைக் குடியரசுத் தலைவர் அனுர குமார திசநாயக்கா தாமே கச்சத்தீவில் வந்திறங்கினார். தீர்மானத்திற்கு விடை அவ்வாறு வந்தது.

இன்னொன்றும் பேசியாக வேண்டும். மேடைகளில் இது பெரும்பாலும் மறைக்கப்படுகின்றது. 2009-இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபின், யாழ்ப்பாணம், மன்னார்க் கரைத் தமிழ்மீனவன் பல்லாண்டுகளுக்குப் பின் கடலுக்குள் கால்வைத்தான். இழந்த படகை மீண்டும் வாங்கி, கடன்பட்டு வலை வாங்கி இரவில் விரித்தான். காலையில் அவ் வலை இல்லை. இராமேசுவரத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் சென்ற இழுவைமடி விசைப்படகுகள் அதனை அறுத்துச் சென்றிருந்தன. இழுவைமடி கடலின் அடித்தரையையே வாரியெடுப்பது. குஞ்சும் முட்டையும் பாசியும் அதற்கு ஒன்றே. இலங்கை 2017-இல் அதனைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்க்கும் விசைப்படகுக்காரர்க்கும் சண்டை மூண்டு, கிழமைக்கு மூன்று நாள் இவர், நான்கு நாள் அவர் என்று பிரித்துக்கொள்ள நேர்ந்தது எதனால்? சிங்களக் கடற்படையின் துமுக்கிக்குத் தமிழக மீனவர் பலியானதைக் கண்டிக்கும் அதே வாய், ஈழத்து மீனவத்தாயின் வலையறுந்த வயிற்றெரிச்சலையும் சொல்லுதல் வேண்டும். அவளுக்காக இங்கு ஊர்வலம் போனவர்களே அவள் மகனின் வலையை அறுப்பின், கொழும்புக்கு அதனினும் இனிய செய்தி வேறில்லை. தமிழனைத் தமிழனோடு மோதவிட்டு நடுவில் நின்று காவல்காப்பது பேரினவாட்சிக்கு எளிது.

2014 சனவரியிலும் 2015 மார்ச்சிலும் இருகரை மீனவரும் சென்னையில் நேருக்குநேர் அமர்ந்து பேசினர். மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லாத பேச்சு அது. ஒருவன் சொன்ன பாட்டை மற்றவன் உடனே உணர்ந்தான். இழுவைமடியைக் கைவிடக் கால எல்லை கேட்டனர் இவர். குறுகிய எல்லை கேட்டனர் அவர். முடிவு எட்டவில்லை, ஆயினும் இரு தலைநகரங்களும் ஐம்பதாண்டாகச் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தனர். கடலின் ஆழத்தையும் இறாலின் பருவத்தையும் அறிந்தவன், கடலைப் பற்றிப் பேசினான். 1974-இலும் 1976-இலும் கோடு வரைந்த அறைகளில் அத்தகையோர் எவரும் அமர்த்தப்பட்டதில்லை.

ஆகவே தமிழ்நாடு கேட்கவேண்டியவை மூன்று. உச்சநயன்மன்றத்தில் உறங்கும் வழக்குகளை எழுப்பி, பெருபாரித் தீர்ப்பின் அளவுகோலைக் கச்சத்தீவுக்கும் வைக்கச் செய்தல். அது முடியுங்காறும், 1974-ஆம் ஆண்டின் ஐந்தாம், ஆறாம் விதிகளை 1976-இன் மடல்கள் அழித்தனவா என்பதற்கு விடை பெறுதல்; மாற்றிக்கொண்ட மடலொன்று உடன்படிக்கையின் விதியைக் கொல்லுமா என்பதை இதுகாறும் எந்த மன்றமும் உரைத்ததில்லை. பாக்கு நீரிணையைப் பற்றி இனிப் பேச்சு நடக்குமாயின், இருகரைத் தமிழ்மீனவர்க்கும் அதில் இருக்கை பெறுதல். இம் மூன்றிற்கும் போர் வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் மாசித் திங்களையொட்டி அந்தோணியார் விழா வருகின்றது. இருகரையிலிருந்தும் தமிழர் படகேறுவர். இருகரை அருட்பணியாளரும் ஒரே தமிழில் வழிபாடாற்றுவர். பழைய கோயிலைக் கட்டியவர் தமிழகக் கடலோர மீனவர். அதன் அருகே 2016 திசம்பரில் திறக்கப்பட்ட புதிய கோயிலைக் கட்டியது இலங்கைக் கடற்படை. எவ்வகைச் சீட்டும் வேண்டியதில்லை என்று ஐந்தாம் விதி இன்றும் சொல்லுகின்றது. இராமேசுவரத்தில் படகேறுவோரோ பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, எண்ணப்பட்டே ஏறுகின்றனர்.